தெருவின் செல்ல நாய்க்குத் தெருவே பொறுப்பேற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டீக்கடைக்காரருக்கு அது மணி. எதிர் மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு ப்ரௌனி. அயர்ன் வண்டிக்காரர் "டேய்" என்றாலே வாலாட்டிக்கொண்டு ஓடிவரும். காலையில் கடை வாசலில் பொறை, பத்து மணி வாக்கில் யாரோ ஒருவர் வீட்டு மிச்ச இட்லி, ராத்திரி பிரியாணிக் கடை எலும்பு. இப்படி எல்லோருக்கும் செல்லமான ஒரு நாய் அநேகமாக எல்லாத் தெருவிலும் உண்டு. அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டுப் பாருங்கள். "யாராவது போட்டிருப்பாங்க" என்பதுதான் பதில்.

அந்த "யாராவது" என்ற இடத்தில் ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுத வைப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. சோறு போட ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. தெருநாய் விஷயத்தில் சண்டை வருவதும், கார்ப்பரேஷன் வண்டி வந்து நிற்பதும், நாய் அநியாயமாகச் சாவதும் பெரும்பாலும் கணக்கு வைத்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான். சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மாநகராட்சி என்று வரும் இடத்தில் தங்கள் நகராட்சி அல்லது ஊராட்சியின் சுகாதாரப் பிரிவை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

1. முதலில் ஒரு ஆள், ஒரு நோட்டு

தெருவில் நாய்க்குச் சோறு வைக்கிற எல்லோரையும் ஒருமுறை பேசவையுங்கள். வாட்ஸ்அப் குரூப் போதும், ஆனால் அதில் பத்து பேர் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை. ஊசித் தேதி, டாக்டர், மாநகராட்சிப் பேச்சு மூன்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவர் ஊருக்குப் போனால் பார்க்க இன்னொருவர். மற்றவர்கள் செலவில் பங்கு கொடுத்தால் போதும்.

நோட்டில் நாய்க்கு ஒரு பக்கம். ஆணா பெட்டையா, உத்தேச வயது, உடம்பில் இருக்கும் அடையாளம் (மார்பில் வெள்ளைத் திட்டு, வளைந்த வால், ஒரு கண்ணில் பூ), காது வெட்டப்பட்டிருக்கிறதா, ஊசி போட்ட தேதி, போட்ட டாக்டர். இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு போட்டோ, முகத்துக்கு ஒன்று. செம்பட்டை நிற நாய்கள் நாலு தெருவிலும் இருக்கும். "அது எங்க நாய்தான், ஊசி போட்டாச்சு" என்று நிரூபிக்கும் நாள் வரும்போது இந்தப் போட்டோதான் பேசும்.

எல்லோரும் ஒரே பெயரில் கூப்பிடுவது நல்லது. பிடிக்கிற நாளில் கூப்பிட்டால் வரவேண்டுமே.

2. காதைப் பாருங்கள்

கருத்தடை ஆபரேஷன் ஆன தெருநாய்க்கு ஒரு காதின் ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும், பெரும்பாலும் வி வடிவத்தில். மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவார்கள். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும். ஆபரேஷன் வெட்டு நேராக, சுத்தமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஆண் நாய்க்கு விதைப்பை இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்டை என்றால் டாக்டர்தான் சொல்ல முடியும்.

3. ஆபரேஷனுக்கு அனுப்புவது

இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். "பாவம், அதுக்கு எதுக்கு" என்பார்கள். ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு முறை சூடாகும் (இணைசேரத் தயாராகும்), சினைக்காலம் சுமார் 63 நாள். ஒவ்வொரு ஈற்றிலும் ஐந்தாறு குட்டி. அவற்றில் பாதி, கழிச்சலும் வாந்தியுமாகக் கொல்லும் பார்வோ வைரஸிலும் வண்டிச் சக்கரத்திலும் போய்ச் சேரும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் ஆபரேஷனைப் பாவம் என்று சொல்லமாட்டார்கள். சூடான பெட்டையைச் சுற்றிக் கடுவன்கள் கூட்டமாகத் திரியும் நாட்களில்தான் சண்டையும் கடியும் கூடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் கூப்பிட வேண்டிய மாநகராட்சி புகார் எண் 1913. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. அதனால் கூப்பிட்ட மறுநாளே வண்டி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். புகார் எண்ணை நோட்டில் எழுதிவைத்துத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நாய்த் தொல்லை" என்று சொன்னால் ஒரு மாதிரி வருவார்கள். "கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒரு நாய், நாங்களே பிடிக்க உதவுகிறோம்" என்று சொன்னால் வேறு மாதிரி வருவார்கள். விலங்கு நலத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் போகலாம். சென்னையின் ப்ளூ கிராஸ் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கியது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற வழிக்கு 1996 வாக்கில் மாநகராட்சி வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது நடப்பில் இருப்பது 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். பிடிக்கும் நாளில் தெரிந்திருக்க வேண்டியவை இவை: வலையாலோ கையாலோதான் பிடிக்கவேண்டும், கம்பி இடுக்கி கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயையும் பிடிக்கக்கூடாது. எங்கே பிடித்தார்களோ அங்கேயே கொண்டுவந்து விடவேண்டும் (பிறகு வந்த விதிவிலக்குகள் 5-ஆம் பகுதியில்).

வண்டி வரும்போது பொறுப்பாளர் அங்கே இருப்பது முக்கியம். தெரிந்த ஆள் கூப்பிட்டால் நாய் ஓடாது, வலை வீசும் கலவரமும் இருக்காது. ஏற்றும்போது வண்டி எண், எந்த மையத்துக்குப் போகிறது, நாய்க்குக் கொடுத்த டோக்கன் எண், எப்போது திரும்பும் என்ற நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் தெருப்பெயரோடு "இந்த ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில்" என்று இடத்தையும் காட்டிவிடுங்கள். இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டால் அந்தத் தெரு நாய்கள் சும்மா விடாது.

ஆபரேஷன் முடிந்து சில நாள் மையத்திலேயே வைத்திருந்துதான் விடுவார்கள். வந்தபிறகு ஒரு வாரம் பத்து நாள் தையலை மட்டும் கவனியுங்கள். வீக்கம், சீழ், ஓயாமல் நக்குவது என்று இருந்தால் உடனே மையத்துக்குச் சொல்லவேண்டும். மஞ்சள் பூசுகிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம்.

4. வெறிநாய்த் தடுப்பூசி

ஆபரேஷனின்போதே ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அது ஆயுளுக்கும் போதாது, வருடா வருடம் போடவேண்டும். நோட்டு பெரும்பாலும் தோற்கும் இடம் இதுதான். ஆபரேஷன் ஆன சந்தோஷத்தில் மறுவருட ஊசியை மறந்துவிடுவார்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் இன்னொன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசியைக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்திலேயே ஆரம்பிக்கலாம்.

ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவுவது அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் தெருவில் நாலு நாய் என்றால் நாலுக்கும் போட்டுவிடுங்கள். செல்ல நாய்க்கு மட்டும் போட்டுவிட்டு, குப்பைத்தொட்டிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் பயந்தாங்கொள்ளியை விட்டுவிடுவதில் அர்த்தமில்லை.

அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோகலாம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். தெருநாயை ஆட்டோவில் ஏற்றுவது பெரிய கூத்து என்பதால் டாக்டரைத் தெருவுக்கே வரச்சொல்கிறவர்கள்தான் அதிகம். மருந்தை நீங்கள் வாங்கிவருவதாக இருந்தால் ஐஸ் பேக்கோடு கொண்டுவாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து அது. சட்டைப்பையில் போட்டு வெயிலில் வண்டி ஓட்டிவந்தால் போட்டும் பயனில்லாமல் போகலாம்.

பிடிப்பதற்கு நல்ல நேரம் அதிகாலை. தெருவில் கூட்டம் இருக்காது, நாயும் பசியோடு இருக்கும். அது அதிகம் நம்பும் ஆள் குத்தவைத்து உட்கார்ந்து, வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகக் கொடுக்கவேண்டும். கையில் அகலமான காஸ் துணியில் (புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணி) ஒரு சுருக்கு தயாராக இருக்கட்டும். சுருக்கை மூக்குக்கு மேலாகப் போட்டு இறுக்கி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, அங்கிருந்து இரு நுனியையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு முடிச்சு. டாக்டர் பிடரித் தோலைத் தூக்கி ஊசி போட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. உடனே கட்டை அவிழ்த்துவிடவேண்டும். நாய் வாய் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். வாயைக் கட்டி உச்சி வெயிலில் நிறுத்திவைப்பது ஆபத்து. அப்புறம் மிச்ச ஈரலைக் கொடுங்கள், அடுத்த வருடமும் அது உங்களிடம் வரவேண்டும்.

5. சோறு: என்ன, எங்கே, எப்போது

என்ன என்பது எளிது. சோற்றோடு உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கழுத்து அல்லது ஈரல். முட்டை, தயிர்சாதமும் போடலாம். வெந்த எலும்பு கூர்மையாகச் சிதறிக் குடலைக் குத்தும், பிரியாணிக் கடைக்காரரிடம் அன்பாகச் சொல்லிவையுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை (பாயசத்தில் கிடக்கும் உலர்ந்ததும்தான்) நாய்க்கு விஷம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கிவிடும். பாக்கெட் பிஸ்கட் வெறும் சர்க்கரையும் மைதாவும். ஆசைக்கு ஒன்றிரண்டு போகட்டும், அதுவே சாப்பாடு ஆகக்கூடாது.

எங்கே, எப்போது என்பதில்தான் தெருவே இரண்டாகப் பிரியும். 2023 விதிகளின் 20-ஆவது விதி, தெருநாய்க்குச் சோறு வைக்க ஏற்பாடு செய்வதைக் குடியிருப்போர் சங்கத்தின் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பாக்குகிறது. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றைவிட்டுத் தள்ளி, பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத இடத்தில், குறித்த நேரத்தில் வைக்கவேண்டும். வைத்தவரே இடத்தைச் சுத்தமாக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கொடுத்த உத்தரவு இதைக் கொஞ்சம் இறுக்கியது. தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, வார்டுதோறும் உள்ளாட்சி அதற்கென இடம் ஒதுக்கவேண்டும் என்றது. கருத்தடையும் ஊசியும் ஆன நாயை அதே பகுதியில் விடலாம், வெறிபிடித்த, அல்லது வெறி என்று சந்தேகப்படும், அல்லது ஆக்ரோஷமான நாயை விடக்கூடாது என்றும் சொன்னது. நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. உங்கள் செல்லம் ஒரு பள்ளிக்கூட கேட்டில் படுத்துக் கிடக்கும் ரகம் என்றால், சோற்றுத்தட்டை இப்போதே தெருவின் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள். தட்டு போகும் இடத்துக்கு நாய் போகும். இது வழக்கு நடக்கும் விஷயம், உத்தரவுகள் மாறலாம். வார்டு அலுவலகத்தில் அவ்வப்போது கேட்டு வையுங்கள்.

நடைமுறையில் நல்லது, வாகனம் குறைவான மூலையில், ஒரு சுவர் ஓரம், காலை ஆறரைக்குள்ளும் இரவு பத்துக்கு மேலும். தட்டு வைத்து, நாய் தின்று முடிக்கும்வரை நின்று, தட்டை எடுத்துவிடவேண்டும். பேப்பரில் கொட்டிவிட்டுப் போவதுதான் ஈ, எலி, எதிர்வீட்டு மாமியின் கோபம் மூன்றையும் கூட்டுகிறது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

6. உடம்புக்கு என்ன என்று கவனிப்பது

தினம் பார்க்கிறவர்களால் மட்டும் கண்டுபிடிக்க முடிகிற விஷயங்கள் சில உண்டு.

உண்ணிக் காய்ச்சல்: சோறு வேண்டாம் என்று படுத்தே கிடக்கும், ஈறு வெளுத்திருக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பு போய்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், பெரும்பாலும் மாத்திரையில் குணமாகும்.

சொறி: முடி கொட்டித் தோல் யானைத்தோல் போலத் தடித்துப்போனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம், டாக்டர் கொடுக்கும் மருந்தில் முடி திரும்ப முளைக்கும். பழைய என்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாய் அதை நக்கி விஷமாகிச் செத்துப்போகும்.

பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டுவது, காலிஃபிளவர் போலச் சதை வளர்வது: இது இணைசேரும்போது ஒட்டிக்கொள்ளும் ஒருவகைக் கட்டி. "கேன்சர், இனி பிழைக்காது" என்று கைவிடுகிறவர்கள் அதிகம். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்தே போய்விடும். இடையில் ஒரு வாரம்கூட விடக்கூடாது என்பதால் நோட்டு இங்கே மிகவும் உதவும்.

புழு வைத்த புண்ணில் இருந்து கெட்ட வாடை வரும், நாய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். மருந்துக்கடையில் கால்நடைகளுக்கான புழு ஸ்ப்ரே கிடைக்கும், கொஞ்சம் தள்ளி நின்றே அடிக்கலாம். காது, கண் பக்கம் என்றால் நீங்களாக எதுவும் செய்யாமல் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துச் சோற்றில் கலந்து வைப்பதும் வேண்டாம். நமக்கான வலி மாத்திரைகள் பல நாய்க்கு ஆகாது.

கழுத்துப்பட்டை பற்றி ஒரு வார்த்தை. இரவில் வண்டிக்காரர்களுக்குத் தெரியும்படி ஒளிரும் பட்டை கட்டுவது நல்ல யோசனை. ஆனால் குட்டிக்குக் கட்டிவிட்டு மறந்துவிட்டால், அது வளர வளரப் பட்டை தோலுக்குள் இறங்கிக் கழுத்தைச் சுற்றி அறுத்துவிடும். ஆசையாகக் கட்டிய பட்டையைக் கடைசியில் மயக்க ஊசி போட்டு வெட்டி எடுப்பார்கள். பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும், மாதம் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள்.

நாயின் குணம் திடீரென்று மாறினால் எச்சரிக்கை. சாதுவான நாய் காரணமில்லாமல் பாய்வது, குரைப்பு கரகரப்பாவது, எச்சில் ஒழுகுவது எல்லாம் ரேபிஸ் அறிகுறி. இதில் ஊமை வெறி என்று ஒன்று இருக்கிறது. அதில் நாய் பாயாது, தாடை தொங்கிப்போய் விழுங்க முடியாமல் மூலையில் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவார்கள். எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு 1913-ஐக் கூப்பிடுங்கள்.

7. கடித்துவிட்டால்

எவ்வளவு நல்ல நாயும் வாலை மிதித்தால் கடிக்கும். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த ஆழமான கடி என்றால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டும், கேட்டு வாங்குங்கள். நோய் அறிகுறி வந்தபிறகு ரேபிஸுக்கு மருந்தே கிடையாது. "ஊசி போட்ட நாய்தானே" என்று நீங்களாக முடிவு செய்யாமல், நோட்டை எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கவேண்டும், தெரு முழுக்க விரட்டினால் கண்காணிப்பது எப்படி?

கடிபட்டவர் வீட்டுக்குப் பொறுப்பாளர் அன்று மாலையே போய்ப் பார்க்கவேண்டும். ஆட்டோ செலவையும் தெருவே ஏற்கட்டும். தினமும் நாய்களோடு புழங்குகிறவர்கள் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி உண்டு, டாக்டரைக் கேளுங்கள்.

8. புகாரும் மிரட்டலும்

இஸ்தான்புல்லில் போஜி என்று ஒரு தெருநாய் இருந்தது. 2021-இல் மெட்ரோ, டிராம், படகு என்று தினம் ஏறித் திரிந்து உலகப் புகழ் பெற்றது. நகராட்சி அதற்குக் கருவி மாட்டி, எங்கெங்கே போகிறது என்று கணக்கு வைத்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் டிராம் இருக்கையில் அது அசிங்கம் செய்துவிட்டதாக ஒரு படம் பரவியது. நகராட்சி கேமரா பதிவை வெளியிட்டது. யாரோ ஒரு ஆள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது அது. பதிவு இல்லையென்றால் பழி நாயின் மேல்தான் நின்றிருக்கும்.

உங்கள் தெருவிலும் அதே கதைதான். "இந்த நாய்தான் கடித்தது" என்று வந்தால் தெருமுனைக் கடையின் கேமரா, நோட்டு, போட்டோ மூன்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் நாய்தான் என்று தெரிந்தால் ஒப்புக்கொண்டு ஊசி விவரத்தைக் கொடுங்கள். மழுப்பினால் அடுத்தமுறை உங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். வண்டியைத் துரத்துகிறது என்ற புகார் வந்தால், அந்த இடத்தில் சோறு வைப்பதை நிறுத்தி இடத்தை மாற்றினாலே பாதி குறையும்.

"விஷம் வைத்துவிடுவேன்" என்று யாராவது பேசினால் அலட்சியம் வேண்டாம். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், இரண்டு டீக்கும் வடைக்கும் சரியாகப் போய்விடும். நாய் வாந்தி எடுத்து, நுரை தள்ளி வெட்டி இழுத்தால் உப்புத்தண்ணீர் ஊற்றாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தின்ற மிச்சத்தை ஒரு கவரில் எடுத்து வையுங்கள். இறந்துவிட்டால் போலீஸ் வழியாகப் பிரேதப் பரிசோதனை கேட்கலாம்.

9. வெயில், தீபாவளி, மழை

சித்திரை வெயிலுக்கு நிழலில் ஒரு சிமெண்ட் தொட்டி, தினம் தண்ணீர் மாற்றவேண்டும், இல்லையென்றால் கொசு. தீபாவளிக்கு முந்தின நாளே யாராவது ஒருவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இடம் பேசிவையுங்கள். பட்டாசுக்கு மிரண்டு ஓடும் நாய்தான் தெரு தெரியாமல் தொலையும். மழை நாட்களில் நிறுத்திய காருக்குக் கீழே படுக்கும், கார்க்காரர்களிடம் கிளப்பும் முன் ஒருமுறை தட்டிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

10. வயதான நாயும் அதற்குப் பிறகும்

தெருவில் எட்டு ஒன்பது வயதைத் தாண்டும் நாய் குறைவு. தாண்டினால் கண்ணில் பூ விழும், காது மந்தமாகும், ஹாரன் அடித்தாலும் நகராது. அந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுக்குள் எடுத்துக்கொள்வதுதான் நல்லது. அப்போது அது வீட்டு நாய்க் கணக்கில் வரும், சென்னையில் மாநகராட்சி லைசென்ஸ் வாங்கவேண்டும். நோட்டில் இருக்கும் ஊசி விவரம் அங்கேயும் உதவும்.

இறந்துபோனால் உடலை எடுக்க 1913-க்குச் சொல்லலாம். காரணம் தெரியாமல் இறந்த நாயை வெறுங்கையால் தொடவேண்டாம். ஒரு நாய் போன இடத்துக்குச் சில வாரத்தில் இன்னொன்று வந்துவிடும், பெரும்பாலும் காது வெட்டாத இளசு. வந்த வாரமே 1913-இல் பதிவு செய்யுங்கள், வண்டி வர நாளாகும். பொறுப்பாளர் வீடு மாறுகிறார் என்றால் நோட்டு, டாக்டரின் எண், காஸ் துணி மூன்றையும் கையில் கொடுத்துவிட்டு, புதியவரை நாயிடமும் டீக்கடைக்காரரிடமும் அறிமுகப்படுத்திவிட்டுப் போகவேண்டும்.